தறிச் சத்தமும் தம்பூரா சுருதியும்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களை இரண்டே வகையில் அடக்கிவிடலாம். ஸ்வாமி தரிசனத்துக்காகப் போகிறவர்கள் ஒரு வகை. புடவை தரிசனத்துக்காகப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாகக் கிளம்பி இரண்டாவது வகையாகத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கணவன்மார்களைக் கேட்டால் கணக்குச் சொல்வார்கள்! நான் போனது இந்த இரண்டுக்கும் அல்ல. ஒரு பெண்ணின் பாட்டுக்குள் புகுந்துகொண்டு யாரோ 'தடக், தடக்' என்று தட்டுகிறார்கள். அது யார், அவரை வெளியேற்ற முடியுமா என்று பார்த்துவரத்தான் போனேன்.

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்திலிருந்து நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கணவர் பட்டு நெசவாளி. ஒரே பெண் முறையாகச் சங்கீதம் கற்றவள். 2020-ல் ஊரடங்கு வந்ததே, அப்போது பாடகர்களெல்லாம் வீட்டிலிருந்தே பாடி அனுப்ப ஆரம்பித்தார்கள் அல்லவா? அந்த வழியில் இவளும் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஒலிபெருக்கிகள் வாங்கிக்கொண்டு, பக்திப் பாடல்கள் வெளியிடும் ஒரு நிறுவனத்துக்குப் பாடி அனுப்பினாள். முதல் தடவை, "பின்னால் ஏதோ தட்டுகிறது" என்று திருப்பிவிட்டார்கள். தாயார் தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்க, அறைச் சுவர் முழுவதும் கறுப்பு நுரைப்பஞ்சுத் தகடு ஒட்டினார்கள். இரண்டாம் தடவை வந்த பதில்: "தட்டுவது அப்படியே இருக்கிறது, அதோடு இப்போது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலவும் இருக்கிறது!" தை பிறப்பதற்குள் சரியாக அனுப்பாவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்வார்களாம். "சீட்டுப் பணமும் போயிற்று, சத்தமும் போகவில்லை. என்ன செய்யலாம்?" என்று முடித்திருந்தார் அந்தத் தாயார்.

எனக்கு என்ன தெரியும்? ஆகவே, சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். செங்கல்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் வண்டி. பேசிக்கொண்டே போவதற்கு அதைவிட உத்தமமான ரயில் கிடையாது.

காஞ்சியில் இறங்கியதும் நண்பர் நேரே நெசவாளர் வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். "முதலில் கைலாசநாதரைப் பார்த்துவிடுவோம். பக்திக்குப் பக்தி, பாடத்துக்குப் பாடம்" என்றார். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில் அது. கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி மிகக் குறுகலான ஒரு பிராகாரம் இருக்கிறது. அதன் வாய்க்குள் தவழ்ந்து போய்த் தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். மறுபிறவி எடுத்த மாதிரி என்பார்கள். (கொஞ்சம் பூசினாற்போல் உடம்புள்ளவர்கள் யோசித்துவிட்டு நுழைவது நல்லது.) உள்ளே போனதும் நண்பர் வாயை மூடிக்கொண்டு 'ம்...' என்று மெல்ல முனகினார். கீழே இறங்கினார், மேலே ஏறினார். திடீரென்று ஓர் இடத்தில், அவர் குரலைக் கல்லே வாங்கிக்கொண்டு பத்து மடங்காக முழங்கியது. அந்த ஒரு சுருதியைத் தாண்டியதும் பழையபடி சாதாரண முனகல்.

"குளியலறையில் பாடினால் எல்லாரும் பாகவதர் ஆகிவிடுகிறார்களே, அந்த ரகசியம் இதுதான். சின்ன இடம், கெட்டியான சுவர். அது தனக்குப் பிடித்த சில சுருதிகளை மட்டும் தூக்கிவிடும். ஸ்வாமி சந்நிதியில் அது அழகு. பாட்டுப் பதிவு செய்கிற அறையில் அது ரோகம்" என்றார் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டே.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் தறிச் சத்தம் வந்துகொண்டிருக்கும். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்கிற குழித்தறி. நம் வாசகியின் வீட்டில் ஓடுவது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இரண்டையும் கோர்த்து நெய்வதற்கு மூன்று நாடா வேண்டும், கூட ஓர் ஆளும் வேண்டும். கணவர் நெய்ய, ஒரு பக்கத்துக் கரை நாடாவை மனைவி போடுகிறார். பெண் பாடும்போது தறியை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் ஒருவர் அல்ல, இரண்டு பேர் கையும் நிற்கிறது. கூலியோ புடவைக் கணக்கில். ஒரு பாட்டுக்கு நாலு மணி நேரம் என்றால், புடவை அத்தனை மணி நேரம் தள்ளிப்போகிறது! சரி, இவர்கள் நிறுத்தினாலும் பக்கத்து வீடு நிறுத்துமா, எதிர் வீடு நிறுத்துமா?

"எங்க தறி சத்தம்னா எங்களுக்குக் காதிலேயே விழாது சார். அந்த மைக்குக்கு மட்டும் எப்படித்தான் விழுதோ!" என்றார் அந்த அம்மாள், டம்ளரில் காபியை நீட்டிக்கொண்டே.

பெண்ணின் அறை, தறிக் கூடத்துக்கு அடுத்த அறை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் ஏறக்குறையப் பத்தடி. நண்பர் வாசற்படியிலேயே நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு தட்டுத் தட்டினார். நுரைப்பஞ்சு ஒட்டாத கூரைக்கும் தரைக்கும் நடுவே 'ட்ரிர்ர்' என்று அந்தச் சத்தம் ஓடி விளையாடியது.

"உனக்கு வந்திருப்பது ஒரு வியாதி இல்லை அம்மா, இரண்டு வியாதி. இரண்டுக்கும் ஒரே மருந்து சாப்பிட்டிருக்கிறாய். அதிலும் அது வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த மருந்து" என்றார்.

நேயர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பணம் வீணாகிற இடம் இதுதான். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே பாடுகிற சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் குடித்துவிடுவது வேறொரு வேலை. குடிப்பதற்கு வேண்டியது காற்று நுழையக்கூடிய பஞ்சு. தடுப்பதற்கு வேண்டியது கனமும், இடுக்கில்லாத அடைப்பும். நுரைப்பஞ்சில் கனம் ஏது? காற்றே அதற்குள் தாராளமாகப் போய் வரும்போது தறிச் சத்தம் வராதா? ஒரு சுவர் கோட்டை மதில் போல இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்துவிட்டால் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது என்பது கணக்கு. இந்த அறைக் கதவின் கீழே ஒரு விரல் சந்து. போதாததற்குக் குழித்தறியின் அதிர்ச்சி தரை வழியாகவே நடந்து வருகிறது!

கிணற்றுக் குரல் எப்படி வந்தது? ஒலி அலைகளுக்கு நீளம் உண்டு. கீச்சுக் குரல், தாளச் சத்தம் இவற்றின் அலை சில அங்குலந்தான். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து 'தொம்' இருக்கிறதே, அதன் அலை பத்தடி, பன்னிரண்டு அடி நீளம். ஓர் அங்குலத் தகடு சின்ன அலைகளை மட்டும் குடித்துவிட்டுப் பெரிய அலைகளைத் தொடாமல் விட்டுவிட்டது. குரலின் பளபளப்பு போயிற்று; அடியிலிருந்த முழக்கம் மிஞ்சிற்று. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே விநாடிக்கு 56 அதிர்வுள்ள ஒலியும், அதன் இரு மடங்கும் மும்மடங்குமான ஒலிகளும் ஊஞ்சல் கட்டி ஆடும். அறையின் மூன்று பக்கமும் ஒரே அளவாயிருந்தால் மூன்று ஊஞ்சலும் ஒரே சமயத்தில் ஆடும். கைலாசநாதர் பிராகாரத்தில் கேட்டோமே, அதே சங்கதி.

இந்த முழக்கம் பாடுகிறவளுக்கு மட்டுமல்ல, பாட்டைக் கலந்து சேர்க்கிறவளுக்கும் சத்துரு. குரல், தம்பூரா, மிருதங்கம் மூன்றையும் எந்த எந்த அளவில் சேர்ப்பது என்று அந்த ஒலிபெருக்கிகளைக் கேட்டுத்தானே தீர்மானிக்கிறாள்? அறை தானாகவே 'தொம்'மைக் கூட்டிக் காட்டினால் இவள் அதைக் குறைத்துவிடுவாள். வேறு வீட்டில் போட்டால் மிருதங்கம் தகர டப்பாவாகக் கேட்கும். கடை விளக்கில் அரக்கு என்று எடுத்த புடவை வெயிலில் காப்பிப் பொடி நிறமாக மாறிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள்: அம்மாவின் கூரைப் புடவையும் இன்னும் நாலைந்து பட்டுப் புடவைகளும் இருக்கின்றன, அவற்றைச் சுவரில் தொங்கவிடலாமா? காஞ்சிபுரத்தில் கேட்க வேண்டிய கேள்விதான்! நண்பர் சிரித்துவிட்டார். "பட்டு பார்க்க அழகு. ஆனால் மெல்லிசு. சத்தத்தைக் குடிக்கிற வயிறு அதற்கு இல்லை. பீரோவிலேயே இருக்கட்டும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை எத்தனை இருக்கிறது, அதைச் சொல்!" என்றார். பரணிலிருந்து ஏழு மெத்தைகள் இறங்கின. தாயாரின் முகம் கொஞ்சம் சுருங்கியதையும் நான் பார்த்தேன். அவருடைய சீர் மெத்தைகள் அவை.

மத்தியானம் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே நண்பர் ஒரு கதை சொன்னார். 1895-ஆம் வருஷம். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு வார்த்தை ஐந்தரை விநாடி வரை காற்றில் நின்று, அடுத்த பத்து வார்த்தைகளோடு மல்லுக்கு நின்றது. வாலஸ் ஸாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் நாடக அரங்கின் நாற்காலி மெத்தைகளை நடுநிசியில் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். இன்னும் சில மெத்தை, மறுபடியும் கடிகாரம். விடிவதற்குள் எல்லா மெத்தையும் அரங்குக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்! தாம் உடுத்தியிருந்த உடுப்பு மாறினால்கூடக் கணக்கு மாறுவதைக் கண்டு, பிறகு ஒரே உடுப்பிலேயே சோதனை நடத்தினாராம். அந்த ராத்திரிகளில் பிறந்த சூத்திரத்தைக் கொண்டுதான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி மண்டபத்தைக் கட்டினார்கள். சத்தத்தைக் குடிப்பதற்கு அவர் வைத்த அளவுகோல் என்ன என்கிறீர்கள்? திறந்த ஜன்னல். அதன் வழியாகப் போன ஒலி திரும்பாது அல்லவா?

"அப்படின்னா எங்க முற்றம்?" என்றார் இதுவரை பேசாமலிருந்த நெசவாளர்.

"பேஷ்! உங்கள் முற்றம் பூராவும் ஒரே திறந்த ஜன்னல்தான். அங்கே பாடினால் கிணற்றுக் குரல் வரவே வராது. தறி மட்டும் ஜோராகக் கேட்கும்" என்றார் நண்பர்.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. முதல் சிகிச்சை, அறையையே மாற்றுவது. சமையற்கட்டுக்குப் பின்னால், முற்றத்துக்கு அப்பால் ஒரு சாமான் அறை. பதினாலடிக்கு ஒன்பதடி. மேலே மெட்ராஸ் டெரஸ், பழங்காலத்துக் கனத்த தேக்குக் கதவு, எதிர்ப்பக்கம் தோட்டம். தாயார் இருபது வருஷமாக அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் வைத்து ஆண்டுவரும் சமஸ்தானம் அது. அதை விட்டுக்கொடுக்கச் சொன்னபோது ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "ஜாடியெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போகட்டும்" என்றார். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அடிச் சந்துக்குக் கனமான பட்டை அடித்தோம். தேவையில்லாத ஒரு ஜன்னலைக் கனத்த பலகையால் இறுக மூடினோம்.

மெத்தைகளை மரச் சட்டத்தில் கட்டி, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தச் சொன்னார். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லையாம்; கொஞ்சம் தள்ளி நின்றால்தான் அசையும் காற்றைப் பஞ்சு பிடிக்கும். திரை போடுகிறவர்களுக்கும் இதே விதிதான்: கனத்த துணி, நிறைய மடிப்பு, சுவரிலிருந்து இடைவெளி. நாலு மூலையிலும் மெத்தைகளைச் சுருட்டித் தூண்போல் நிறுத்தி, அதன் மேல் பழந்துணி மூட்டைகளைக் கூரை வரை அடுக்கினோம். பெரிய அலைகள் வந்து குவிவது மூலைகளில்தான். தரைக்கு ஜமக்காளம். கல்பஞ்சு வாங்குகிறவர்கள் நாலு அங்குலக் கனத்தில் வாங்கி, மூக்கை மூடிக்கொண்டு துணியில் உறைபோட வேண்டும் என்றார். முட்டை அட்டை ஒட்டுகிறார்களே என்று கேட்டேன். "முட்டை வைத்துக்கொள்ளலாம்" என்றார்! ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: பஞ்சும் நுரையும் நிறைந்த அறையில் விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. பூஜை கூடத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் தாயாரிடம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டார். ஒலிபெருக்கிகள் இரண்டும் அறையின் நீள வாட்டத்தைப் பார்த்து, பக்கச் சுவர்களிலிருந்து சமதூரத்தில் வைக்கப்பட்டன. பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனேன். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி அவள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில் ஒரு மெத்தை. ஒளி திரும்புகிற இடத்தில்தான் ஒலியும் திரும்பி வந்து காதைக் குழப்பும். இத்தனை வருஷமாகக் கண்ணாடி பார்க்கிறோமே, இப்படி ஓர் உபயோகம் இருப்பது நமக்குத் தெரிந்ததா?

பாடும் இடத்தில் அவள் செய்திருந்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மைக்குக்குப் பின்னால் மெத்தை வைத்து, தன் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டிருந்தாள். இந்த வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் செவிடு. முகத்துப் பக்கந்தான் காது. அது பாடுகிறவளைப் பார்க்கும்போது அவளுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆகவே நல்ல கனத்த மெத்தை அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். மைக்கின் செவிட்டுப் பக்கம் தறிக் கூடத்தை நோக்கி.

ஆறாவது மெத்தையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். லண்டன் பி.பி.சி. 1923-ல் ஸேவாய் ஹில்லில் தொடங்கிய ஸ்டூடியோக்களில் சுவர் பூராவும் கனத்த துணி தொங்கவிட்டு, பாட்டு உயிரில்லாமல் போய், வித்வான்கள் முணுமுணுத்த கதை அவருக்குத் தெரியும். "கொஞ்சம் சுவர் கொஞ்சம் பஞ்சு என்று இருக்க வேண்டும் அம்மா. தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் எப்பேர்ப்பட்ட பாடகியும் கத்த ஆரம்பித்துவிடுவாள்."

இந்த ஊரிலே 1919-ல் பிறந்த டி.கே. பட்டம்மாள் பத்தாவது வயதில், 1929-ல், சென்னை கார்ப்பரேஷன் ரேடியோவில் பாடினார். பாடுவதற்கு நிலையத்தைத் தேடிப் போக வேண்டியிருந்த காலம். 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டின் பின்புறத்திலேயே 'பஞ்சதன் ரிக்கார்டு இன்' என்ற கூடத்தை அமைத்தார். 1992-ல் வந்த 'ரோஜா'வின் இசை அங்கேதான் உருவாயிற்று. இன்றைக்கு நிலையமே ஒரு பெட்டிக்குள் அடங்கி யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் வந்துவிடுகிறது. நிலையத்தின் சுவர் மட்டும் கூட வருவதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதனை. "தறி ஓடட்டும், நிறுத்த வேண்டாம்" என்று நண்பர் உத்தரவிட்டார். தறிக் கூடத்தில் அப்பாவும் அம்மாவும் நாடா வீசினார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அவள் ஒரு விருத்தம் பாடினாள். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிணறு போய்விட்டது. குரல் தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல நின்றது. ஆனால் அடிக்கு அடி மூச்சு வாங்குகிற இடைவெளியில், மிக மெல்லியதாக, 'துக்... துக்...'

"தரை வழியாக வருகிறது. இதற்கு மேல் போவதென்றால் அறைக்குள் அறை கட்டி, ரப்பர்மேல் தரையை மிதக்கவிட வேண்டும். இன்னொரு சீட்டு எடுக்க வேண்டிய விவகாரம்" என்றார். பெண்ணின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் நெசவாளர் வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எந்தத் தறியும் ஓடாதே, அப்போது பாடினால் என்ன என்றார். ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் தொடங்கிவிடும் என்றாள் பெண். அதையும் சேர்த்துப் பதிவு செய்தால் நிறுவனம் கூடுதல் பணம் தருமா என்று நான் கேட்டதை யாரும் ரசிக்கவில்லை. தெருவே சாப்பிடப் போகிற நேரம் மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை. அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடமும் எதிர் வீட்டுக்காரரிடமும் தாமே பேசிக்கொள்வதாக நெசவாளர் சொன்னார். கற்றுக்கொள்வதும் கலந்து சேர்ப்பதும் எந்த நேரமும் நடக்கலாம். தறி நிற்க வேண்டியதில்லை. நாலு மணி நேரக் கூலி தப்பியது.

புறப்படும்போது தாயார் வாசல் வரை வந்தார். ஏதோ கேட்க நினைப்பது தெரிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருவாங்க சார். படுக்க மெத்தை வேணும். சுவத்துலேருந்து ரெண்டு எடுத்துக்கலாமா?"

நண்பர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. அன்றைக்குப் பாட்டு இருந்தால், மெத்தை இருந்த இடத்தில் நாத்தனாரை உட்கார வைத்துவிடுங்கள். ஸாபின் கணக்குப்படி மனுஷர்களும் சத்தத்தைக் குடிக்கிறவர்கள்தான்" என்றார்.

"அவங்க குடிக்க மாட்டாங்க சார், போடுவாங்க!" என்றார் அந்த அம்மாள்.